கால் மணி

மீன் நாற்றம் போய் முப்பது வருடமாகியும்
மீன்காரத் தெரு என்றே பெயர் மாறாத
வடகரைத் தெருவில்
ஏழு நாற்பதுக்கு நியாரட்சோ
சாவிப் பெட்டியின் நான்கு எண்களைத் திருகுகிறாள்.
கதவோர வில்லையில் கைபேசியை ஒற்றுகிறாள்.
பீப்.
கால் மணி தொடங்கிவிட்டது.

ஆல்வின் ஸ்டாக்டேலுக்கு ஒரு கால்தான்.
மற்றதைச் சர்க்கரை நோய் கேட்டது,
மருத்துவமனை எடுத்துக் கொடுத்துவிட்டது.
ஒற்றைக் காலுக்குக் கால் மணி:
நம் மொழியில் பார்த்தால்
கணக்கு பிசகவில்லை.

குளிப்பாட்டினால் கஞ்சி இல்லை.
கஞ்சி காய்ச்சினால்
கட்டு மாற்ற நேரமில்லை.
மாத்திரை எண்ணி, சிறுநீர்ப் பையைக் காலி செய்து,
ரொட்டியில் வெண்ணெயை வைக்கும்போதே
இன்னும் மூன்று நிமிடம் என்று
தொடையில் அதிர்கிறது கைபேசி.

அவளுக்குத் தெரியாது,
ஐந்து மணிக்கே அவர் விழித்துக்கொள்வது.
கட்டில் விளிம்பில் உட்கார்ந்து
சட்டையோடு மல்லுக்கு நிற்பது.
பனிக்கடலில் வலை இழுத்த விரல்கள்,
நுனியில் இப்போது உணர்ச்சி இல்லை.
ஏழு பொத்தான்கள்.
ஒரு மணி ஐம்பது நிமிடம்.
மேல் பொத்தான் கீழ்த்துளையில் போய் உட்காரும்,
கழுத்தோரம் ஒரு துளை ஆளில்லாமல் நிற்கும்.
அவள் வரும்போது
நாலு நிமிடம் மிஞ்சட்டும் என்றுதான்.
"உன் பையனுக்குக் கணக்குப் பரீட்சை என்ன ஆச்சு?"
என்று கேட்கிற அளவுக்கு,
அவள் கோட்டோடு நாற்காலி நுனியில்
உட்கார்ந்து எழுகிற அளவுக்கு.

மார்ச்சில் மதிப்பீட்டாளர் வந்தார்.
கெட்டவர் இல்லை, இருமலுக்கு
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே எழுதினார்.
சட்டையைப் பார்த்தார்.
தானே உடுத்திக்கொள்கிறார்: ஒரு டிக்.
பொத்தான் மாறியிருப்பதற்குக் கட்டம் இல்லை.
ஐந்து மணிக்கும் கட்டம் இல்லை.
அதுவரை அரை மணி.
அன்றிலிருந்து கால்.

பாலம் தாண்டினால் வேறு கவுன்சில்.
நடக்க இருபத்தாறு நிமிடம்,
அதற்குக் கூலி கிடையாது.
காற்றுக்கும் கால் என்று பழைய பெயர் உண்டு;
பாலத்தின் மேல்
அது ஒன்றுதான் முழுசாகக் கிடைக்கிறது.

தென்கரையில் பெரில் ஹாக்ஸ்வர்த்.
அதே ஆறு, அதே மழை, அதே சர்க்கரை.
இரண்டு காலும் இருக்கின்றன,
முக்கால் மணியும் இருக்கிறது.
அக்காள் மகன் வக்கீல்;
பதினோரு கடிதம் எழுதினான்,
பன்னிரண்டாவதற்கு முன்னால் பதில் வந்தது.
ஆல்வினுக்கு வந்த கடிதத்தில்
மேல்முறையீடு என்ற சொல்
இரண்டாம் பக்கத்தின் அடியில் இருந்தது.
அவர் மூக்குக் கண்ணாடி
பழைய பார்வைக்கானது.

இருபது நிமிடத்தில் வேலை முடிகிறது.
பெரில் பிஸ்கட் தட்டை நகர்த்துகிறாள்.
"மீதியை யாருக்காவது
கொண்டுபோய்க் கொடேன், பெண்ணே."
கிண்டல் இல்லை. நிஜமாகத்தான் சொல்கிறாள்.
நிமிடங்களைப் பையில் போட்டு
பாலம் கடத்த முடியாது.
முன்னால் கிளம்பினால் கைபேசி சிவக்கும்.
அக்கரையில் ஒருவர் கட்டு மாற்றாமல் கிடக்க,
இங்கே இரண்டு பேர்
சுவர்க் கடிகாரத்துக்குக் காவல் இருக்கிறார்கள்.
இஞ்சி பிஸ்கட்டைக் கடித்தால்
அறை முழுக்கக் கேட்கிறது.

நவம்பர். மேசையில் புதுக் கடிதம்,
அதன்மேல் தேநீர் வட்டம்.
ஆல்வின் சட்டை திறந்து கிடக்கிறது.
நரைத்த மார்பு குளிரில் புள்ளி போட்டிருக்கிறது.
"உடம்புக்கு என்ன?" பதறுகிறாள்.

"ஒன்றுமில்லை. பயிற்சி" என்கிறார்.
"முடியாதவனாக இருக்கப் பயிற்சி.
செவ்வாய்க்கிழமை மறுபடி வருகிறார்கள்."

வலது கையை இடது கையால்
நாற்காலிப் பிடியோடு அழுத்தி வைத்திருக்கிறார்.
அது நழுவி,
தானாக,
கழுத்துப் பொத்தானை நோக்கி ஏறுகிறது.
நியாரட்சோ அதைப் பிடித்து
மெதுவாக மடியில் இறக்குகிறாள்.
மறுபடி ஏறுகிறது.

தொடையில் அதிர்கிறது.
இன்னும் மூன்று நிமிடம்.